பன்னிரண்டாம் அறையின் பெல்

போன வருடம் ஐப்பசி மாதம், அடைமழைக்கு நடுவே நடந்தது இது. இடம், ஸ்ரீரங்கத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லம். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து என் அம்மா அங்கேதான் இருக்கிறார். நான் திருச்சி தென்னூரில் வசிக்கிறேன். கம்ப்யூட்டர் நிரல் எழுதுவது என் வேலை. காலையில் காவிரிப் பாலம் தாண்டிப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்புவது என் வழக்கம்.

அந்த இல்லத்தில் ஒவ்வொரு அறையிலும் கட்டிலருகே ஒரு அழைப்பு பெல், குளியலறையில் தாழ்வாக இன்னொன்று. அழுத்தினால் நடைகூடத்தின் கோடியில், பணியாளர் மேஜையில் இருக்கும் டேப்லெட்டில் அறை எண் தோன்றி மணி ஒலிக்கும். குடும்பத்தாருக்கும் போனில் ஒரு ஆப் கொடுத்திருந்தார்கள். டேப்லெட்டில் இருப்பதுபோலவே அதிலும் அறைக்கு ஒரு பக்கம் உண்டு. நம்மவரின் பக்கத்தைத் திறந்தால், அவர் எப்போது அழைத்தார், யார் போய்ப் பார்த்தார், மாத்திரை சாப்பிட்டாரா என்பதெல்லாம் தெரியும். நான் அம்மாவின் பக்கத்தை மூடுவதே இல்லை. அம்மாவுக்கு இது கேலிக்கு நல்ல விஷயம். "தும்மினாக்கூட தென்னூருக்குத் தகவல் போயிடுது. எனக்கெதுக்குடி போலீஸ் காவல்?" என்பார்.

அம்மாவுக்கு எதிர் அறை பன்னிரண்டு. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் அதில் இருந்தார். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. தூரத்து உறவினர் ஒருவர் கொண்டுவந்து சேர்த்ததோடு சரி, பிறகு வரவே இல்லை. அவர் பக்கத்தில் இருந்த இரண்டு அறைகளிலும் இதே கதைதான். இந்த மூன்று அறைகளையும் பணியாளர்கள் "தொந்தரவில்லாத ரூம்" என்பார்கள். அங்கிருந்து பெல் வருவதே அபூர்வம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அம்மாவோடு இருந்தபோது, மதியச் சாப்பாடு கொண்டுபோன பணிப்பெண் பன்னிரண்டாம் அறையிலிருந்து அலறினார். ஓடிப்போய்ப் பார்த்தோம். பெரியவர் குளியலறை ஈரத் தரையில் கிடந்தார். காலை டிபனுக்குப் பிறகு குளிக்கப் போனவர் வழுக்கி விழுந்திருக்கிறார். உடம்பு சில்லிட்டிருந்தது. ஒரு கை சுவரோரம் நீண்டு, கட்டைவிரல் பெல்லின் மேலேயே இருந்தது.

ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தப் பணிப்பெண் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மண்ணச்சநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். அன்று காலை மேஜையில் இருந்தவர் அவர் ஒருவர்தான். பெரியவர் ஒருமுறை கண்ணைத் திறந்தார்.

"அடிச்சேன்மா. அடிச்சுக்கிட்டே இருந்தேன்."

"கேக்கலைங்க ஐயா. சத்தியமா எனக்குக் கேக்கலை."

அவர் முகத்தை மெதுவாகச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலமே பெல் நிறுவனத்திலிருந்து ஒரு தொழில்நுட்ப ஆள் வந்து சோதித்தார். டேப்லெட்டில் பன்னிரண்டாம் அறையின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, குளியலறையில் ஒருவரை அழுத்தச் சொன்னார். மணி கணீரென்று ஒலித்தது. கட்டிலருகே இருந்ததும் ஒலித்தது. "நல்லாத்தான் வேலை செய்யுது சார்" என்றார். எல்லோரும் பணிப்பெண்ணைத் திரும்பிப் பார்த்தோம். நானும்தான்.

"போன்ல பேசிக்கிட்டு இருந்தியா? சீரியல் பாத்துக்கிட்டு இருந்தியா?" என்றார் இல்லத்தின் மேலாளர்.

"பெருமாள் மேல சத்தியமா சார், மணியே வரலை."

"பெருமாளை ஏன் இழுக்கறே? அங்க ஒரு உசுரு ஊசலாடிக்கிட்டு இருக்கு. நாளையிலேருந்து நீ வர வேண்டாம். போலீஸ்ல சொல்றதா வேண்டாமான்னு மேல இருக்கறவங்க முடிவு பண்ணுவாங்க."

"அவளுக்குத்தான் காது டமாரமாச்சே" என்று கூட வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார். சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போனார்.

அறைக்குத் திரும்பியதும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "அவ பொய் சொல்றவ இல்லடி. நான் அடிச்சா செருப்பைக்கூட மாட்டாம ஓடி வருவா. அந்த மனுஷனும் புளுகுற ஆள் இல்ல. அப்ப உங்க மிஷின்தான் புளுகுது."

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. சோதனை செய்த விதம்தான் உறுத்தியது. பெரியவர் விழுந்து கிடந்தபோது டேப்லெட்டில் அவர் பக்கத்தை யார் திறந்து வைத்திருக்கப் போகிறார்கள்?

மறுநாள் மேலாளரிடம் அனுமதி கேட்டேன். டேப்லெட்டை யாரும் தொடக் கூடாது, மேஜையருகே நின்று கவனித்தால் போதும் என்றேன். பன்னிரண்டுக்கு அடுத்த அறையில் ஒரு மூதாட்டி இருந்தார். அவருடைய பெல்லை அழுத்தினேன். சத்தமே இல்லை. அதற்கடுத்த அறையிலும் இல்லை. அம்மாவின் பெல்லை அழுத்தினேன், ஒலித்தது. பிறகு டேப்லெட்டில் மூதாட்டியின் பக்கத்தைத் திறந்துவிட்டு அழுத்தினேன். இப்போது அதுவும் ஒலித்தது! பக்கத்தை மூடிவிட்டு, பிற்பகலில் மறுபடி அழுத்தியபோது பழையபடி மௌனம்.

மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நேத்து அந்தப் பொண்ணு..." என்றார்.

நடந்ததை என் தொழில் தெரியாதவர்களுக்கும் புரியும்படி சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் நிரல், தனக்கு வேண்டிய ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் இடம் எடுத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நினைவகம் நிரம்பி எல்லாமே நின்றுபோகும். இந்தக் காலத்து மொழிகள் பலவற்றில் இதற்கென்றே ஒரு துப்புரவாளன் நிரலோடு கூடவே ஓடுகிறான். அவன் பார்ப்பது ஒன்றைத்தான். ஒரு பொருளை வேறு ஏதாவது பிடித்துக்கொண்டிருந்தால் விட்டுவிடுவான். எதுவும் பிடிக்கவில்லை என்றால் குப்பை என்று துடைத்துவிடுவான். அது தேவையா இல்லையா என்று யோசிக்க அவனுக்குத் தெரியாது. பிடியிலும் இரண்டு உண்டு, கெட்டியான பிடி, தளர்ந்த பிடி. தளர்ந்த பிடியை அவன் பிடியாகவே மதிப்பதில்லை.

ஒவ்வொரு அறையின் பெல்லையும் கேட்டுச் சொல்ல நிரலுக்குள் ஒரு சிறு பகுதி இருந்தது. அதைக் காது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைகளின் பொதுப் பட்டியல் அந்தக் காதுகளைத் தளர்வாகத்தான் பிடித்திருந்தது. யாராவது அந்த அறையின் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தால் மட்டுமே கெட்டியான பிடி கிடைக்கும். துடைக்கப்பட்ட காதும் பக்கத்தைத் திறந்தால் புதிதாக முளைக்கும், சோதனையின்போது மணி ஒலித்தது அதனால்தான். அம்மாவின் காதை நான் தென்னூரிலிருந்து பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று அறைகளின் காதுகளைப் பிடிக்க ஒருவரும் இல்லை. துப்புரவாளன் வந்தான், துடைத்தான், போனான்.

நிறுவனத்தில் அதை எழுதியவரைப் போனில் பிடித்தேன். நான் சொல்லச் சொல்ல, அவர் தன் நிரலைத் திறந்து படிப்பது புரிந்தது.

"ஏன் இப்படி எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"ஆளு காலி பண்ணிட்டுப் போனா அதுவா க்ளீன் ஆகிடும்னுதான் மேடம். மெமரி மிச்சமாகும்."

"ஆள் இருந்து, பக்கத்தைத் திறக்க யாருமில்லேன்னா?"

அவர் அந்த வரிகளை இன்னொரு முறை முணுமுணுத்துப் படிப்பது கேட்டது. பிறகு சொன்னார்: "குடும்பத்துல ஒருத்தராவது பாப்பாங்கன்னு நெனைச்சோம் மேடம்."

மேலாளர் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவர் கேட்ட முதல் கேள்வி வேலையைப் பற்றியது அல்ல. "ஐயாகிட்ட சொல்லிட்டீங்களா சார்?" என்றுதான் கேட்டாராம். சாயங்காலம் அந்தப் பெண்ணும் நானுமாக மருத்துவமனைக்குப் போனோம். வழியெல்லாம் அவர் என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வார்டில் பெரியவரின் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். விடியற்காலையில் உயிர் பிரிந்துவிட்டது, உறவினர் வந்து உடலை வாங்கிக்கொண்டு நேரே ஓயாமரி சுடுகாட்டுக்குப் போய்விட்டார் என்றார் நர்ஸ்.

அந்தப் பெண் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. "நான் கேட்டும் கேக்காத மாதிரி இருந்துட்டேன்னு நெனைச்சுக்கிட்டே போயிட்டாரேம்மா" என்றார். "இனிமே வேலை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன." நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

நிரலை மறுநாளே திருத்தினார்கள். சில வரிகள்தான். அந்தப் பெண்ணும் வேலைக்குத் திரும்பினார். இனி மீதி இரண்டு அறைகளிலிருந்தும் பெல் வரும் என்று நானும் மேலாளரும் எதிர்பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. திருத்தம் சரியில்லையோ என்று போய் அழுத்திப் பார்த்தேன். ஒலித்தது. அடுத்த அறை மூதாட்டி என்னை வியப்போடு பார்த்தார்.

"அதுவா? அது சும்மா அழகுக்கு மாட்டினதுன்னு நெனைச்சேன். வந்த புதுசுல தண்ணிக்கு அடிச்சேன், நெஞ்சு வலிச்சப்ப அடிச்சேன். யாரும் வரலை. சரி, நம்ம நெலைமை இதுதான்னு விட்டுட்டேன்."

பணிப்பெண் அவர் கையைப் பிடித்து பெல்லின் மேல் வைத்தார். "நான் மேஜைக்குப் போறேன் பாட்டி. நீங்க அடிங்க" என்று சொல்லிவிட்டு நடைகூடத்தின் கோடிவரை போனார். மணி ஒலித்தது. ஓடி வந்தார். "இன்னொரு தரம்" என்று மறுபடி போனார். மறுபடி ஓடி வந்தார். மூச்சு வாங்க நின்றவரைப் பார்த்து, "போதும்டி, வந்துட்டே. நம்பறேன்" என்றார் மூதாட்டி.

ஆனால் இன்றுவரை அவர் தானாக ஒருமுறைகூட அந்த பெல்லை அடிக்கவில்லை. அந்தப் பெண்தான் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்துக்கொள்கிறார். நிரலில் இருந்த பிழை ஒரு நாளில் நீங்கிவிட்டது, ஆனால் கூப்பிட்டால் ஆள் வருவார்கள் என்ற எண்ணம் ஒருவருக்குள் ஒருமுறை துடைக்கப்பட்டுவிட்டால் அதை எங்கிருந்து மீட்பது என்பது எனக்கு இன்றும் தெரியவில்லை.