“வேற?” என்று கேட்பவர்

கோலியர்ஸ் வுட்டில் என் சாப்பாட்டுக் கடைக்கு ஒரு தமிழ்நாட்டுக்காரர் வருவார். நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் சர்வதேச நிறுவனம் ஒன்றில் பெரிய அதிகாரி. ஒட்ட வெட்டிய நரைமுடி, ஒருபோதும் உயராத குரல். கடன் பேசக் கானாவுக்குப் போய் வந்தால் விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேரே என் கடைதான்.

“இன்னைக்கு என்ன நல்லாயிருக்கு அண்ணா?” என்பார். கொத்து ரொட்டி என்பேன். “வேற?” புட்டு. “வேற?” நான் இடியப்பம் என்று சொல்லும்வரை விடமாட்டார். “நீங்களே சொல்லிட்டீங்க, அதையே குடுங்க.”

என் சமையலறையில் வேலை செய்யும் கானாப் பெண்ணின் தமையன் அங்கே மீன் குளிரறை நடத்தியவர். கரண்ட் கட்டணம் ஏறியதில் அதைப் பூட்டிவிட்டார். அதைக் கேட்ட பிறகு எனக்குப் பொறுக்கவில்லை.

“சேர், அங்க கரண்ட் விலையை ஏன் ஏத்தச் சொன்னனியள்?”

“நாங்க சொல்லலைங்க. என்ன செய்யப் போறீங்கன்னு கேட்டோம். அவங்களேதான் சொன்னாங்க.”

“முதல் சொன்னதும் அதுதானோ?”

“இல்ல, முதல்ல என்னென்னமோ சொன்னாங்க.”

“நீங்கள் ‘வேற?’ எண்டு கேட்டிருப்பியள்.”

“ஆமா,” என்றார், இதில் என்ன இருக்கிறது என்பதுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த முறை அவர் எத்தனை “வேற?” கேட்டும் நான் கொத்தை விட்டு அசையவில்லை. கோபிக்காமல் நன்றி சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்.

வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிறகு நிமிர்ந்து பார்த்தேன். அவர் நின்ற இடத்துக்குப் பின்னால் கொத்து வாங்கச் சனம் வரிசையில் நின்றது. கானாவின் வாசலில் அவருக்குப் பின்னால் கடன் கொடுக்க வேறு ஒருவரும் நிற்கவில்லை.