மேதாவியின் தேடல்

ரத்த வங்கியின் கணினிப் பிரிவுத் தலைவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் மேதாவி. அதைப் பாராட்டு என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். டைப் அடித்தால் தப்பு வரும் என்று, ரத்த வகைகளைக் கைப்பேசியில் அலங்கார எழுத்தில் ஜோடித்து எல்லாருக்கும் அனுப்பினார். பதிவுக்கும் தேடலுக்கும் அதிலிருந்தே நகலெடுத்து ஒட்ட வேண்டும் என்று உத்தரவு. எல்லாரும் தலையெழுத்தே என்று ஒட்டினார்கள்.

அன்று அவருடைய அக்காவுக்கே அறுவை சிகிச்சையில் ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் இருப்பு காலி. கொடையாளர் யாரையாவது உடனே வரவழைத்தாக வேண்டும்.

"நகரும்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது," என்று பதிவுக்காரப் பெண்ணை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். பதற்றத்தில் தன் உத்தரவே மறந்துபோய்க் கையால் அடித்தார். ஒருவரும் இல்லை என்றது திரை. திரும்பத் திரும்ப அடித்தார். அத்தான் போனில் அழுதார். இவர் மற்ற வங்கிகளையெல்லாம் கூப்பிட்டுக் கெஞ்சினார். அந்த நேரத்தில் பாவமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்வதற்கில்லை.

"நான் ஒரு தடவை பாக்கட்டுமா சார்?" என்று அவள் வழக்கம்போல் ஒட்டித் தேடினாள். பெயர்கள் வரிசையாக வந்தன. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் ஓடி வந்து ரத்தம் கொடுத்தார். அக்கா பிழைத்தாள்.

பிறகு மேதாவி எழுத்துகளை எண்ணிப் பார்த்தார். ஒவ்வொரு பதிவின் வாலிலும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று. எல்லாம் அவருடைய அலங்காரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது; கணினியில் அலங்காரம் உதிர்ந்து சாதாரண எழுத்தானபோதும் குறி மட்டும் தங்கிவிட்டது. ஒட்டித் தேடினால் குறியும் குறியும் பொருந்தும். கையால் அடித்தால் பொருந்தாது. அதை ஒப்புக்கொள்ள அவருக்கு வாய் வருமா? ஊழியர்களின் கவனக்குறைவால் மறைகுறி புகுந்துவிட்டதாகவும், இனி யாரும் ஒட்டக் கூடாது, டைப்தான் அடிக்க வேண்டும் என்றும் சுற்றறிக்கை விட்டார். பழைய பதிவுகளை அவர் தொடவே இல்லை.

மறுநாள் அந்தப் பெண் சுற்றறிக்கைப்படியே டைப் அடித்தாள். ஒருவரும் இல்லை என்றது திரை. கவுன்டருக்கு வெளியே ஒருவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"சார், பழைய பதிவுல இருக்கற குறியை நீங்க இன்னும் எடுக்கலையே."

"ரத்தம் யாருக்கு?"

"வெளிய நிக்கறவரோட அக்காவுக்காம்."

மேதாவி டிபன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "சாப்பிட்டு வந்து எடுக்கறேன்."

அவள் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சுற்றறிக்கையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் பழையபடி ஒட்டினாள்.