இரண்டு கடைகள் சேர்ந்து நடத்திய தீபாவளி

தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்த வருஷம் அது. சிராங்கூன் ரோட்டில் எங்கள் எண்ணெய்க் கடைக்கும் மரைக்காயர் மாமாவின் ஜவுளிக்கடைக்கும் நடுவில் ஒரே சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் அப்பா ஈ ஓட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் மாமாவும் அதையேதான் செய்துகொண்டிருப்பார். கடற்கரைப் பக்கம் பெரிய பெரிய கடைகள் வந்துவிட்டன. கையில் கூலி விழுந்ததும் ஆட்கள் அங்கே ஓடினார்கள். எங்கள் தெருப் பக்கம் வந்தவை எருமைகள்தான். அவற்றுக்கு வேட்டியும் வேண்டாம், நல்லெண்ணெயும் வேண்டாம்.

இரண்டு கடையும் சேர்ந்து பண்டிகை வியாபாரம் செய்யலாம் என்ற யோசனை யாருடையது என்று கேட்டால், கடைசிவரை அப்பா தன்னுடையது என்றுதான் சொன்னார். மரைக்காயர் மாமா சிரித்தபடி விட்டுக்கொடுத்துவிடுவார். உண்மையில் அதைச் சொன்னது அத்தை.

அத்தை அப்பாவின் அக்கா. புருஷன் போனபின் மாமியார் வீட்டில் மாட்டுக்கொட்டில் ஓரத்தில் படுக்க வைத்தார்கள். அது பொறுக்காமல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி எங்களிடம் வந்து சேர்ந்தாள். வெள்ளைச் சீலை, நெற்றியில் ஒன்றும் கிடையாது. சமையலறைதான் அவளுக்கு உலகம். அம்மா கெட்டவள் இல்லை. ஆனால் தன் அடுப்பில் இன்னொருத்தி கை படுவதை எந்தப் பெண்தான் சிரித்துக்கொண்டு பார்ப்பாள்? தினமும் ஏதாவது ஒரு முணுமுணுப்பு. அப்பா ஒருநாள் அத்தையிடம் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இந்தத் தீபாவளிக்குக் கடை தேறிச்சின்னா நீ இங்கயே இருக்கலாம்க்கா. இல்லன்னா என்னால முடியல."

அதனால்தான் அத்தைக்கு அவ்வளவு அக்கறை. மரைக்காயர் மாமாவும் அப்பாவும் கடை வாசலில் நின்று புலம்பிக்கொண்டிருந்தபோது, கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"துணி எல்லாக் கடையிலயும் கிடைக்கும். எண்ணெயும் கிடைக்கும். இந்தப் பிள்ளைங்க தலையில எண்ணெய் வச்சு, வெந்நீர் விளாவிக் கொடுக்கத்தான் இந்த ஊருல ஆளில்ல."

எவ்வளவு உண்மை! கப்பல்துறையிலும் ரோட்டு வேலையிலும் கிடந்த எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் ஒண்டிக்கட்டைகள். அம்மாவும் பெண்டாட்டியும் கடலுக்கு அந்தப் பக்கம். தீபாவளியன்று குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டு, புது வேட்டி கட்டிக்கொண்டு, கள்ளுக்கடையில் போய் அழுவார்கள்.

ஏற்பாடு மளமளவென்று நடந்தது. மாமா கடை வேட்டி, எங்கள் கடை நல்லெண்ணெய், சீயக்காய், கூடவே அதிரசமும் முறுக்கும். எல்லாம் சேர்த்து ஒரே பொட்டலம். வாங்குகிறவன் தீபாவளி விடியலில் எங்கள் பின்கட்டுக்கு வரலாம். கிணற்றடியில் அண்டா நிறைய வெந்நீர் காயும். வீட்டுப் பெண்பிள்ளை தலையில் எண்ணெய் வைப்பாள். புதுத்துணி ஓரத்தில் மஞ்சள் தடவித் தருவாள். எண்ணெய் வைப்பது அம்மா, பலகாரம் அத்தை என்று பேச்சு.

அந்த நாட்களில் அத்தையைப் பார்க்க வேண்டுமே! அவள் பாட்டு முணுமுணுத்து நான் கேட்டது அப்போதுதான். நோன்பு வைத்திருந்த மரைக்காயர் மாமா நாவால் ருசி பார்க்க முடியாமல், வாசனையை மட்டும் பிடித்துவிட்டு, "அக்கா, இது நோன்பாளிய சோதிக்கிற வேலைலா!" என்பார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பொட்டலங்கள் பறந்தன. வெல்லம் தீர்ந்து அப்பா இரண்டாம் முறை வாங்கப் போனார்.

தீபாவளி விடியலில் கிணற்றடியிலிருந்து சந்து வரைக்கும் ஆட்கள். அம்மா உள்ளே தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் விடுகிற மாதிரி இல்லை. வரிசையில் முதலில் நின்ற ஒரு கப்பல்துறைப் பையன் தவித்தான். கப்பலுக்குத் தீபாவளி ஏது? சங்கு ஊதுவதற்குள் அவன் போயாக வேண்டும். அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்து, "நேரமாவுதுக்கா. நீங்களே வச்சு விடுங்க" என்று மணைப்பலகையில் உட்கார்ந்துவிட்டான்.

அத்தை பின்வாங்கினாள். "நான் வைக்கக் கூடாதுப்பா. உள்ள வராங்க, இரு."

"எங்கக்காவும் உங்கள மாதிரிதான். அதுதான் எனக்கு எப்பவும் வைக்கும். வைங்கக்கா."

அத்தை என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு எண்ணெயில் விரலைத் தோய்த்து அவன் உச்சியில் வைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு தலை முழுக்கத் தேய்த்துவிட்டாள், சீக்கிரம் முடிக்க மனமில்லாதவள் மாதிரி.

"அடப் பாவிகளா!" என்று ஒரு குரல் வந்தது. ரோட்டு வேலைக்காரர்களுக்குத் தலைவராக இருந்த தண்டல் அவர். "நல்ல நாளும் அதுவுமா வெள்ளைச் சீலக்காரி கையால எண்ணெயா? யாருய்யா கடைக்காரன்? அப்ப இந்தப் பலகாரமும் இவ கைதானா?"

சந்து முழுக்கச் சலசலப்பு. ஒருவன் பொட்டலத்தைக் கிணற்று மேடையில் வைத்தான். அடுத்தவனும் வைத்தான். அப்பா ஓடி வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

"இல்லண்ணே, இல்ல. பலகாரம் பூரா என் வீட்டுக்காரி செஞ்சது. இவங்க விறகு தள்ளத்தான் வந்தாங்க. அக்கா, உள்ள போ!"

நான் வாயைத் திறந்தேன். மாவிடித்தது யார், பாகு காய்ச்சியது யார் என்று கூடவே இருந்து பார்த்தவள் நான். அப்பாவுக்கு மறந்துபோயிற்று போல, எடுத்துச் சொல்வோம் என்று ஒரு அடி முன்னால் வந்தேன். அதற்குள் அத்தை என்னை இழுத்து, என் வாயில் ஒரு முழு அதிரசத்தைத் திணித்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். குளிக்கும் முன் தின்னக் கூடாது என்று நேற்றுவரை விரட்டியவள் அவள்தானே!

மரைக்காயர் மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் அம்மா வந்தாள். பட்டுச் சீலை, குங்குமம், தலை நிறையப் பூ. தண்டலே முதலில் போய்க் குனிந்தார். வைத்த பொட்டலங்களை எடுத்துக்கொண்டு எல்லாரும் திரும்ப வரிசையில் நின்றார்கள். என் அம்மாவுக்கு முன்னால் இத்தனை ஆம்பிளைகள் தலை குனிகிறார்களே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தை எங்கே என்று நான் தேடவில்லை. கப்பல்துறைப் பையன் மட்டும் ஈரத் தலையோடு சமையலறைக் கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஓடினான்.

பெருநாளுக்கு முந்தின நாள் மரைக்காயர் மாமா அப்பாவிடம் பேசியது சுவருக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது.

"அக்கா என் கடைப் பக்கம் இருந்து செய்யட்டும். எங்க சனத்துக்கு இந்தத் தோஷமெல்லாம் கிடையாது. என் வூட்டுப் பொம்பளைங்களும் கூட இருப்பாங்க."

"ஊரு என்ன சொல்லும் மரைக்காயரே? கூடப் பிறந்தவள அடுத்த கடையில விட்டு வயிறு வளக்குறான்னு சொல்லாது?"

அதுவரை அவள் யாருக்காக வெந்தாள் என்று அப்பா யோசித்ததாகத் தெரியவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அப்போது எரியவில்லை. அப்போது எனக்கு அந்த வீட்டில் எல்லாமே நல்லபடியாக நடப்பதாகத்தான் பட்டது. அதற்குக் காரணம் இருந்தது.

பெருநாள் முடிந்ததிலிருந்து அம்மாவும் அத்தையும் ஒரே அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார்கள். முணுமுணுப்பு நின்றுபோனது. அத்தை வெல்லப்பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, "இப்ப உருட்டு. உருளுதா? இதான் பதம். இதுக்கு மேல விட்டா கல்லாயிடும்" என்பாள். அம்மா உருட்டுவாள். தப்பினால் அத்தை கோபிக்காமல் மறுபடியும் காய்ச்சுவாள். முறுக்கு மாவின் பக்குவம், எள் எப்போது போடுவது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு பேரும் ஒருவழியாகச் சமாதானமாகிவிட்டார்கள் என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அம்மாவுக்குப் பதம் கைவந்த வாரம் அத்தைக்குக் கப்பல். தஞ்சோங் பகார் துறைமுகத்துக்கு மாட்டுவண்டியில் போனோம். மரைக்காயர் மாமா ஒரு புதுச் சீலையைக் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளைதான், ஆனால் நல்ல மல் துணி. அப்பா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அத்தையிடம், "அடுத்த தீபாவளிக்குள்ள வந்துடுவீங்கல்ல?" என்று கேட்டேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். வருவாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த வருஷம் கூட்டம் இரண்டு மடங்கு. சேர்ந்து தொழில் செய்தால் இப்படிச் செய்ய வேண்டும் என்று தெருவே எங்கள் இரண்டு கடைகளையும் புகழ்ந்தது. பலகாரம் முழுக்க அம்மா கைதான். அப்பா அன்று சொன்னது இப்போது உண்மையாகிவிட்டது.

அந்தக் கப்பல்துறைப் பையனும் வந்தான். வரிசையில் நிற்காமல் சமையலறைக் கதவருகே போய் எட்டிப் பார்த்தான்.

"பாப்பா, அந்த அக்கா எங்க?"

"அத்தையா? ஊருக்குப் போயிட்டாங்க! பலகாரம் எல்லாம் இப்ப எங்கம்மாவே செய்றாங்க. அத்தைதான் சொல்லிக்கொடுத்தாங்க" என்று நான் உற்சாகமாகச் சொன்னேன்.

அம்மா மணைப்பலகையைக் காட்டி உட்காரச் சொன்னாள். அவன் உட்காரவில்லை. பொட்டலத்திலிருந்த எண்ணெயை எடுத்துத் தன் உள்ளங்கையில் ஊற்றி, தானே தலையில் தேய்த்துக்கொண்டான். எண்ணெய் கன்னத்தில் வழிந்தது. கண்ணிலும் போயிருக்க வேண்டும், புறங்கையால் துடைத்துக்கொண்டே இருந்தான். பாவம், எண்ணெய் போதவில்லை போல என்று நினைத்து, நான் உள்ளே ஓடிப்போய் இன்னொரு கரண்டி கொண்டுவந்து நீட்டினேன்.