அடைத்த வளைவு

மாமனார் சூளை மேஸ்திரி. விலை போகாமல் ஒதுங்கிய செங்கற்களை வருஷக்கணக்கில் சேர்த்துத்தான் அந்த வீட்டைக் கட்டினார். ஒரு முழக் கனத்தில் சுவர்கள்; முன்னால் கூடம், பின்னால் சமையற்கட்டு, நடுவே கதவில்லாத அகன்ற வளைவு. "கதவு வச்சா யாராவது சாத்துவாங்க" என்பார்.

மூத்த மருமகள் வந்து மூன்று வருஷம் கழித்துச் சின்னவள் வந்தாள். ஓரகத்திகள் இருவரும் நகமும் சதையுமாக இருந்தார்கள். "உங்க கொழுந்தனார் விடற குறட்டையில ஓடெல்லாம் நகருதுக்கா" என்பாள் சின்னவள். பெரியவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மாமனார் கண்ணை மூடியதும் அண்ணனும் தம்பியும் பங்கு பேச உட்கார்ந்தார்கள். வாய் தடித்தது, கை நீண்டது. கடைசியில் வளைவைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். கூடம் அண்ணனுக்கு, பின்கட்டு தம்பிக்கு, பின்தெருவில் தனி வாசல்.

"அந்தப் பக்கம் கால் வச்சே, அப்புறம் இந்தப் படி ஏறாதே" என்றார் பெரியவளின் கணவர். பிறந்த வீடென்று ஒன்று இல்லாதவள். அடங்கிப்போனாள். அந்தச் சுவரோரமாகவே அடுப்பைப் போட்டுக்கொண்டாள். ஆண்கள் வேலைக்குப் போனதும் அந்தப் பக்கத்திலிருந்து, "அக்கா, சாப்டீங்களா?" என்று குரல் வரும்.

மழை பிடித்த மாதத்தில் சின்னவளுக்கு இருமல் கண்டது.

"மருந்து வாங்கித் தந்தாரா?"

"நாளைக்குன்னாருக்கா."

நாளுக்கு நாள் குரல் இறங்கியது. பெரியவள் கணவரிடம் சொல்லிப் பார்த்தாள். "அவன் பொண்டாட்டியை அவன் பாத்துப்பான்" என்றார்.

ஒரு மத்தியானம் எத்தனை கூப்பிட்டும் பதில் இல்லை. பின்தெருவைச் சுற்றி ஓடக்கூடத் தோன்றாமல் பெரியவள் கடப்பாரையை எடுத்தாள். மாமனார் கட்டிய சுவரைப் போலிருக்கும் என்று நினைத்துப் பலங்கொண்ட மட்டும் குத்தினாள். இரண்டாவது குத்திலேயே பொலபொலவென்று சரிந்தது. ஒற்றைச் செங்கல், சாந்துகூடச் சரியாகப் பிடிக்கவில்லை.

எதிர்மூலையில், பாயில் கிடந்த சின்னவள் கண்ணைத் திறந்தாள்.

"இவ்ளோதானாக்கா சுவரு?"

தெருவாசிகள் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நெஞ்சில் சளி கட்டி முற்றிவிட்டது, முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். மறுநாள் பெரியவளின் மடியிலேயே உயிர் போயிற்று.

அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுதார்கள். மிச்சச் செங்கலையும் அவர்களே அகற்றினார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள், "போனவ புண்ணியவதி, ரெண்டு பேரையும் சேத்து வச்சுட்டா" என்றார்கள்.

"அதுக்கு அவ சாகணுமா?" என்று கேட்டாள் பெரியவள். அவள் எழுந்து பின்கட்டுக்குப் போய், சுருட்டி வைத்திருந்த பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

"ரெண்டே குத்து. போன மாசமே குத்தியிருக்கலாமேடி" என்று தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள்.