தீர்ப்புக்கும் தாலிக்கும் நடுவே

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டீச்சர் சமையலறை ஜன்னலோரம் நிற்பதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கையில் மைலோ குவளை, தலையில் சுற்றிய துண்டு. கீழே தேயிலைச் சரிவைச் சுற்றிப் போகும் சாலையில் ஒரு நீல லோரி பனிமூட்டத்திலிருந்து வெளிப்படும், இரண்டு வளைவு வரைக்கும் தெரியும், பிறகு மறைந்துவிடும். அது போன பின்னும் டீச்சர் அங்கேயே நிற்பார். மைலோ ஆறி ஆடை கட்டிவிடும். "லோரி போயிடுச்சு டீச்சர், குடிங்க" என்று நான் சொன்னால்தான் திரும்புவார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "அந்த மனுசன் ஈப்போவுக்குத்தான போறாரு, இமயமலைக்கா போறாரு" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

கம்போங் ராஜா என்ற மலையூருக்கு மேலே ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாங்கள் இருவரும் ஆசிரியைகள். ஒரே குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தோம். டீச்சருக்கு ஏதேதோ காரணத்தால் கல்யாணம் தள்ளிக்கொண்டே போய், வயது நாற்பதை நெருங்கிவிட்டது. அந்த நேரத்தில்தான் சாமந்தித் தோட்டமும் அந்த நீல லோரியும் வைத்திருந்த ஒருவர் அவரைக் கட்டிக்கொள்ள முன்வந்தார். அவர் சில வருடங்களாக மனைவியைப் பிரிந்து தனியாக இருந்தவர். அந்தம்மா ஒரே மகளோடு மலையடியில் ஈப்போவில் தாய்வீட்டில் இருந்தார். இரண்டு பேரும் சம்மதித்துத்தான் விவாகரத்துக்கு மனுப் போட்டிருந்தார்கள். கோர்ட்டில் தீர்ப்பு வந்த அன்று பள்ளிக்கூடமே லட்டு தின்றது. தோட்டக்காரருக்கு 'மாப்பிள்ளை' என்று நான் பெயர் வைத்ததும் அன்றைக்குத்தான்.

லட்டு செரிப்பதற்குள் விஷயம் தெரிந்தது. தீர்ப்பு உறுதியாக இன்னும் மூன்று மாதம் ஆகுமாம். அதுவரை சட்டத்தின் கண்ணில் அவர் இன்னொருத்தியின் கணவர்தான். நடுவில் புருசன் பெண்டாட்டி சமாதானமாகிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடலாம். மாப்பிள்ளை இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு முட்டைக்கோஸ் விலையைப் பற்றிப் பேசப் போய்விட்டார். டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. அன்றிலிருந்து 'மாப்பிள்ளை' என்று அவர் காதுபடச் சொல்ல எனக்குத் தடை. "எல்லாம் முடியுறதுக்கு முன்னாடி அப்படிக் கூப்பிடாத, எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

இப்போது நான் வேறு ஊரில், வேறு பள்ளியில் இருக்கிறேன். மூன்று மாதம்தானே, கண்ணை மூடித் திறந்தால் ஓடிவிடும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அது ஓடவில்லை, நான் கூட இருந்து பார்த்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு பக்கம் நெருக்கினார். மூன்று மாதம் முடியும்போது ஆடி பிறந்திருக்கும். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆகவே ஆனியிலேயே தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலியைக் கட்டிவிடலாம், பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். தோட்டத்தில் பாதிப்பேர் அதற்கு ஆமாம் போட்டார்கள். நானும்தான். டீச்சர் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். ஒருவருக்கு மனைவி இருக்கும்போது கட்டுகிற தாலி செல்லாது, நாளைக்கு அந்தம்மா வந்து கேட்டால் நான் யார் என்று சொல்லுவேன் என்றார். மாமியார் ஆகவேண்டியவருக்கு இது பிடிக்கவில்லை. கல்யாணத்தில் விருப்பமில்லாமல்தான் பெண் சட்டம் பேசுகிறாள் என்று ஊரெல்லாம் சொன்னார். அதைக் கேட்ட ராத்திரி டீச்சர் சாப்பிடவில்லை.

ஆனால் அவரை உள்ளுக்குள் அரித்தது அதுவல்ல, அந்த ஞாயிற்றுக்கிழமை லோரிதான். ஈப்போவில் பூக்களை இறக்கிவிட்டு மாப்பிள்ளை மகளைப் பார்த்துவிட்டு வருவார். மகளைப் பார்க்க வேண்டாம் என்று எந்த மனசோடு சொல்வது? மகள் இருக்கிற வீட்டில்தான் அந்தம்மாவும் இருக்கிறார். சின்னப் பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? டீச்சர் இதையெல்லாம் கோர்வையாகச் சொன்னதில்லை. சப்பாத்தி உருட்டும்போது ஒன்று, நோட்டுத் திருத்தும்போது ஒன்று என்று விழும்.

ஆடி பிறந்த பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியது அந்தம்மா. நாங்கள் நினைத்ததைவிட இளையவர். மலைப்பாதை வளைவுகளில் தலை சுற்றி, வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நின்றார். டீச்சரே அவரைக் கைத்தாங்கலாக உட்காரவைத்து ஊறுகாய் கொடுத்தார்.  முடிந்தது கதை, புருசனைத் திருப்பிக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். டீச்சர் தேநீர் ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

அந்தம்மா தரையைப் பார்த்தபடி கேட்டார்: "தப்பா நினைக்காதீங்க டீச்சர். அவரு மனசு கினசு மாறிட்டாரா? வாராவாரம் கட்டுக்கட்டா பூ வச்சிட்டுப் போறாரு. எங்கம்மா அதை சாமிப் படத்துக்குப் போட்டுட்டு, மாப்பிள்ளை திரும்பி வரப்போறாருன்னு சொல்லிட்டே இருக்காங்க. எனக்கும் அங்க ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காரு லா. இவரு கடைசி நேரத்துல கோர்ட்டுல ஏதாவது சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. ஒரே ஆளை நினைத்து மலைமேல் ஒருத்தியும் மலையடியில் ஒருத்தியும் தூங்காமல் கிடந்திருக்கிறார்கள். ஆனால் டீச்சர் சிரிக்கவில்லை. அந்தம்மாவுக்கு ஆறுதல் சொல்லிக் காரேற்றி அனுப்பிவிட்டு உள்ளே வந்து, "பூவா?" என்று மட்டும் கேட்டார். ஒரு பயம் போய் அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தம்மாவுக்கு அவர் வேண்டாம், சரி. அவருக்கு அந்தம்மா வேண்டுமா?

மறுநாள் லோரி ஈப்போவிலிருந்து திரும்பும்போது டீச்சர் சாலைக்கே இறங்கிப்போய் கைகாட்டி நிறுத்தினார். நானும் பின்னாலேயே ஓடினேன். மாப்பிள்ளை பதறிப்போய் இறங்கினார்.

"அந்த வீட்டுல வாராவாரம் பூ வைக்கிறீங்களாமே, யாருக்கு?" என்றார் டீச்சர். குரல் பள்ளிக்கூடத்துக் குரல். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"அதுவா? மார்க்கெட்டுல போகாத பூ டீச்சர். இதழ் கருத்துட்டா மொத்த வியாபாரி எடுக்கமாட்டான். தூக்கிப்போட மனசு வரல. வாசல்ல வச்சிட்டு வந்துருவேன், சாமிக்காவது ஆகும்."

"எனக்கு இதுவரைக்கும் ஒரு பூ கொண்டாந்ததில்லையே."

அவர் டீச்சரைப் பார்த்தார், பிறகு காலியாகக் கிடந்த லோரியைப் பார்த்தார். இப்படியும் ஒரு கேள்வியா என்பதுபோல இருந்தது அவர் முகம்.

"மிச்சமானதையா கொண்டாந்து உங்களுக்குக் குடுப்பேன்?"

 டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பார்த்து ஓட்டிப் போங்கள் என்று மட்டும் சொன்னார். கெடு முடிய இன்னும் நாள் இருந்தது, கல்யாணத்துக்கு ஆவணி பிறக்க வேண்டும். வீட்டுக்கு ஏறும் வழியில், அதுவரை கல்யாணப் பேச்சையே எடுக்கவிடாதவர், என் தோளைத் தட்டி, "சேலை என்ன கலர்ல எடுக்கலாம், சொல்லு" என்றார்.