பின் சக்கரம் நிமிர்ந்த மறுநாள்

வியாழக்கிழமை காலையில் வண்டியைத் துடைக்கக் குனிந்தவன், பின் சக்கரத்தின் உள்பக்கத்தைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரப்பர் சுத்தமாகத் தேய்ந்து, டயருக்குள் இருக்கிற கம்பி பல்லை இளித்துக்கொண்டிருந்தது. வெளிப்பக்கத்து ரப்பர் என்னவோ தேயாமல் புத்தம் புதிதாக இருந்தது. ஐயையோ, இந்த டயரிலா இத்தனை பொம்பளைகளை உட்கார வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள்!

ஓட்டிக்கொண்டிருந்தவள் என் பெண்டாட்டி வேம்புலியம்மாள். நூம்பலில் ஒரே ஒரு வண்டியை வைத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன ஹேட்ச்பேக் கார். நான், உத்தமன், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு வேலை பார்க்கிறவன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஒருநாள் உட்கார வைத்தாள். வேலப்பன்சாவடி தாண்டுவதற்குள் நடுரோட்டில் இறக்கிவிட்டு, "நீ பஸ்ஸுலயே வாயா, நமக்கு ஒத்து வராது" என்று போய்விட்டாள். கட்டின புருஷனுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் பாட்டை யோசித்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமான புதிதில் அவள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கம்பெனி வேன் டிரைவர் ஒருநாள் குடித்துவிட்டு வந்து வேனை நேராகக் கால்வாய்க்கு விட்டிருக்கிறான். வேன் முழுக்க அலறல். இவள் மட்டும் முன் சீட்டுக்கு எகிறி ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தியிருக்கிறாள். முன் சக்கரம் கரையில் தொங்கியதாம். இனி அடுத்தவன் கையில் உயிரைக் கொடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். லைசென்ஸ் எடுத்தாள், வேறொரு ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கப் போனாள், கடைசியில் சொந்தமாகவே வண்டி வாங்கினாள். ஆம்பளை பக்கத்தில் உட்கார்ந்தால் கூச்சப்படுகிற பொம்பளைகள் எல்லாம் இவளைத் தேடி வந்தார்கள். வந்து திட்டு வாங்கினார்கள். வாய் அப்படி. ஆனால் ஒருத்தரும் பாதியில் நின்றதில்லை.

புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இருக்கிற பெரிய பேஜார், ஸ்டியரிங் எப்போது நேராக இருக்கிறது என்று தெரியாததுதான். திருப்புவார்கள், எவ்வளவு திருப்பினோம் என்று மறந்துபோவார்கள். அதற்கு வேம்புலி ஒரு வழி வைத்திருந்தாள். வண்டி வாங்கிய வாரமே செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஆளில்லாத ரோட்டில் ஓட்டிப் பார்த்தாள். வண்டி நூல் பிடித்த மாதிரி போகும்போது, ஸ்டியரிங் வட்டத்தில் எந்த இடம் உச்சிக்கு வருகிறதோ, அங்கே தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து ஒட்டினாள். நல்ல பெரிய பொட்டு.

"பொட்டு உச்சியில கீதா? வண்டி நேரா போவும். அவ்ளோதான் சமாச்சாரம்" என்பாள் எல்லோரிடமும்.

பொட்டு உதிர்ந்தால் அதே இடத்தில் இன்னொன்று ஒட்டுவாள். பொட்டு உச்சியில் இருக்கும்போது ஸ்டியரிங் நடுவில் இருக்கிற கம்பெனிச் சின்னம் லேசாக வலது பக்கம் சாய்ந்திருக்கும். அதை யார் பார்த்தார்கள்? படித்து முடித்துப் போனவர்கள் தங்கள் வண்டியிலும் அதே இடத்தில் ஒரு பொட்டு ஒட்டிக்கொள்வார்கள். அவர்களில் ஒன்றிரண்டு பேர் திரும்பி வந்து, "அக்கா, எங்க ஊட்டு வண்டி வலது பக்கமாவே போவுதுக்கா" என்று நிற்பார்கள். "என் வண்டியில ஒயுங்காத்தான ஓட்டின? உன் வண்டிதான் கோணல், போய் பாரு" என்று விரட்டிவிடுவாள். அவர்களும் சரியென்று போய்விடுவார்கள்.

கம்பி தெரிந்த டயரைக் காட்டியதும் வேம்புலிக்கு முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை விஜிக்கு லைசென்ஸ் டெஸ்ட்.

விஜி எங்கள் பக்கத்துத் தெரு. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறாள். ஷிப்டுக்கு வருகிற பெண்களை ஏற்றி இறக்குகிற காருக்கு அங்கே ஒரு பெண் டிரைவர் வேண்டும் என்றார்களாம். இவள் கையைத் தூக்கிவிட்டாள். திங்கட்கிழமைக்குள் டெஸ்ட் பாஸ் என்று காட்டினால் வேலை அவளுக்கு, இல்லாவிட்டால் வெளியாளுக்கு. "இப்போ எல்லாரும் என்ன 'ஏம்மா'ன்னுதான் கூப்டறாங்க அண்ணே. டிரைவர் ஆய்ட்டா பேரு சொல்லி கூப்டுவாங்க" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். அவளுக்குப் பயம் ஜாஸ்தி. அந்தப் பயத்தில் அவள் கண் பொட்டை விட்டு நகரவே நகராது.

வண்டியை வானகரத்தில் ஆனந்தனின் வீல் அலைன்மென்ட் கடைக்குக் கொண்டுபோனோம். சக்கரத்தில் கருவியை மாட்டி, திரையைப் பார்த்தவன் உதட்டைப் பிதுக்கினான்.

"அக்கா, பின்னால கேம்பர் போச்சு. சக்கரம் நெட்டுக்குத்தா நிக்காம உள்ள சாஞ்சிக்கினு கீது. சாஞ்சது மட்டும் இல்ல, கொஞ்சம் திரும்பியும் கீது. வண்டி இடது பக்கம் இழுத்திருக்குமே?"

"என் வண்டி எந்தப் பக்கமும் இழுக்காது. பேச்ச விட்டு வேலைய பாரு" என்றாள் வேம்புலி.

இந்த மாதிரிச் சின்ன வண்டியில் பின் சக்கரத்தைத் திருகி நிமிர்த்தப் போல்ட் கிடையாதாம். சக்கரத்தைக் கழற்றினான். அச்சுக்கும் சக்கரம் மாட்டுகிற இடத்துக்கும் நடுவில், ஒரு ஓரம் தடிமனாகவும் மறு ஓரம் மெல்லிசாகவும் இருக்கிற ஒரு தகட்டைச் சொருகி இறுக்கினான். திரும்ப மாட்டி அளந்தான், போதவில்லை, வேறு தகடு போட்டான். வேம்புலி முந்தானையைச் செருகிக்கொண்டு வண்டிக்குக் கீழேயே தலையை விட்டிருந்தாள். இதற்கு முன் எந்தக் கடைக்குப் போனாலும், "ஸ்டியரிங்ல கை வெக்காத" என்றுதான் முதலில் சொல்லுவாள். அன்றைக்குச் சாய்ந்த சக்கரத்தைப் பார்த்த அதிர்ச்சியில் அது மறந்துபோயிற்று. பின்னால் முடித்தவன் முன்னால் வந்து, கம்பெனிச் சின்னம் நேராக நிற்கும்படி ஸ்டியரிங்கைப் பிடித்து மாட்டி, முன் சக்கரங்களையும் அதற்குத் தக்கபடி வைத்துவிட்டான். பொம்பளை வண்டியில் பொட்டு இருக்கத்தான் செய்யும் என்று அதை அவன் தொடவில்லை.

இரண்டு புது டயரோடு வீட்டுக்கு வரும்போது, "இன்னாயா, வண்டி வெண்ணெய் மாரி போவுது!" என்றாள். அவளுக்கு ரோட்டைப் பார்த்தால் கை தானாக வேலை செய்யும். பொட்டை அவள் ஏன் பார்க்கப் போகிறாள்?

வெள்ளிக்கிழமை நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். டெஸ்ட் மைதானத்தில் கம்பம் நட்டு, கயிறு கட்டி வழி போட்டிருந்தார்கள். விஜி சாமியைக் கும்பிட்டுவிட்டு ஏறினாள். பக்கத்தில் வேம்புலி, பின் சீட்டில் இன்ஸ்பெக்டர். வண்டி மெதுவாகக் கிளம்பியது. கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. நேராகப் போக வேண்டிய வண்டி வலது பக்கம் ஒதுங்குகிறது, ஒதுங்குகிறது, ஒதுங்கிக்கொண்டே போய்க் கம்பத்தைத் தள்ளிக் கயிற்றை இழுத்துக்கொண்டு போகிறது! எனக்கு உயிரே போய்விட்டது. வேம்புலி தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து நிறுத்தினாள்.

"இறங்கும்மா. ஃபெயில்" என்றார் இன்ஸ்பெக்டர்.

வேம்புலி கதவைத் திறந்துகொண்டு குதித்தாள். வரிசையில் நின்ற ஜனம் எல்லாம் பார்க்கிறது. "கண்ணு பொடனியிலயாடி கீது? நேரா ஓட்றதுக்கு கூட வக்கில்லாம இன்னாத்துக்குடி வந்த? என் பேரயே நாசம் பண்ட்டியேடி!"

அதுவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத விஜி, ஸ்டியரிங்கை விடாமலே பேசினாள்.

"நீ சொன்ன மாரிதான்கா ஓட்டினேன். பொட்டு உச்சியிலதான் கீது. வந்து பாரு."

வேம்புலி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பொட்டு உச்சியில்தான் இருந்தது. கம்பெனிச் சின்னம் வலது பக்கம் சாய்ந்திருந்தது. முன் சக்கரங்களும் வலது பக்கம் திரும்பி நின்றன. பேயறைந்த மாதிரி நின்றுவிட்டாள். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன்.

"ஆனந்தன் கேட்டான்யா. இடது பக்கம் இழுக்குமேன்னு கேட்டான்" என்றாள். "கோண சக்கரத்துக்கு நேரா பொட்டு வெச்சிக்கினு, அதான் நேருன்னு ஊருக்கே சொல்லிக் குடுத்துட்டேன்யா."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அடக் கடவுளே! இத்தனை நாள் வண்டி இடது பக்கம் இழுத்தது, பொட்டு அதை வலது பக்கம் பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது இழுப்பு போய்விட்டது, பொட்டு மட்டும் மிச்சம்.

யாருக்கும் பணியாத பொம்பளை, இன்ஸ்பெக்டர் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "சார், இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. தப்பு என்னுது. நேத்து பின் சக்கரத்த நிமித்தினோம்" என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாள். அவர் வண்டிக்குள் குனிந்து பொட்டைப் பார்த்தார், சின்னத்தைப் பார்த்தார், வேம்புலியைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"மத்தவங்கள முடிச்சிட்டு ஒரே ஒரு சான்ஸ் தரேன். அதுலயும் இடிச்சா கிளம்பிடணும்."

வேம்புலி பொட்டைப் பிய்த்தாள். நேர் என்று தோன்றிய இடத்தில் ஒட்டப் போனவளின் கையை விஜி பிடித்துக்கொண்டாள்.

"வாணாங்கா."

"அப்பறம் எதடி பாப்ப?"

"தெரியல. ஆனா நீ உள்ள ஒக்காராதக்கா. நீ இருந்தா உன் வார்த்தையத்தான் கேப்பேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேம்புலியிடம் இப்படிப் பேசிவிட்டு ஒரு ஆள் உயிரோடு இருக்க முடியுமா? அவளோ பொட்டும் கையுமாக எட்டி நின்றுகொண்டாள்.

விஜியின் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் முன் சீட்டில் ஏறினார். வேம்புலி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், இல்லாத பிரேக்கை அவள் கால் தரையில் மிதித்துக்கொண்டே இருந்தது. வண்டி நகர்ந்து, முதலில் லேசாகத் தடுமாறி, பிறகு கம்பங்களுக்கு நடுவில் நிதானமாகப் போய், நின்று, பின்னுக்கு வந்து, கயிற்றில் உரசாமல் நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கி, "பாஸ். பேரு என்ன?" என்றார்.

"விஜி சார்!" அவள் சொன்னது மைதானம் முழுக்கக் கேட்டது. எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வேம்புலி அவளை அணைக்கவில்லை, திட்டவும் இல்லை. "பொட்டு இல்லாம எப்டிடி ஓட்டின?" என்று பாடம் கேட்க வந்தவள் மாதிரி கேட்டாள்.

"ரோட்ட பாத்தேன்கா. அது நேராத்தான் கீது" என்றாள் விஜி.

வேம்புலி அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். புடவை அழுக்காவதைக்கூடப் பார்க்கவில்லை. "எத்தினி பேருய்யா" என்று முணுமுணுத்தாள். "இஸ்கூலுக்கு புள்ளைங்கள இட்டுக்கினு போறாளுங்க. பைபாஸ்ல போறாளுங்க. வலது பக்கம் போவுதுன்னு வந்து சொன்னவளயும் தொரத்தி வுட்டேனேய்யா." பிறகு என் போனைக் காட்டினாள். "நம்மகிட்ட கத்துக்கினவங்க நம்பர்லாம் கீது இல்ல? போடு. எல்லாருக்கும் போடு."

"இன்னான்னு சொல்றது?"

"வேம்புலி தப்பா சொல்லிக் குடுத்துட்டாளாம், ஒரு தபா வந்து திருப்பி கத்துக்கினு போங்கன்னு சொல்லு."

தப்பு என்ற வார்த்தையைத் தன்னைப் பற்றி அவள் ஒரே நாளில் இரண்டாவது முறை சொல்கிறாள். முதலில் கண்ணில் பட்ட நம்பர் ராதிகா, போன மாசம்தான் கார் வாங்கிய பெண். ஸ்பீக்கரில் போட்டேன். நாலைந்து ரிங் போய் எடுத்தாள். பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

"அண்ணே, வண்டி ஓட்டிகினு கீறேன், பைபாஸ்ல. அப்பால பேசறேன்."

வேம்புலி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "ஓரங்கட்டுடி!" என்று கத்தினாள். அதற்குள் ராதிகா போனை வைத்துவிட்டாள்.