சாரம் கட்டியவர்

காஞ்சிபுரத்தில் காது டாக்டரின் அறைக்கு வெளியே அவரைச் சந்தித்தேன். கோபுரங்களுக்குச் சாரம் கட்டுகிற மாகறல்காரர். அகலமான தோள்கள், உள்ளங்கை முழுக்கக் கயிறு அறுத்த தழும்பு. நின்றபடி சுவரை ஒற்றை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தார்.

"ஒரு விரல் உங்களைத் தாங்குமாண்ணா?" என்றேன்.

"தாங்கறதுக்கு இல்லபா. காது கெட்டதுலேர்ந்து கண்ண மூடினா சாயறேன். செவுரு எங்க இருக்குதுன்னு விரலுக்குத் தெரிஞ்சா, உடம்பு தானா நிக்குது."

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவர், மேஸ்திரிக்குப் போன் போட்டு, மணி அடிக்கும்போதே என்னிடம் நீட்டினார்.

"இனிமே மேல ஏறக் கூடாதாம். நீயே சொல்லிடுபா."

சொன்னேன்.

அத்தனை உயரத்தில் பயப்படாத மனிதர், நான் பேசி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.